பால் கணக்கு நோட்டில் ஒரு புதுப் பக்கம்

மாலை ஆறரை மணி. வாசல் விளக்கைப் போட்டு, சுவாமி விளக்கேற்றிவிட்டு, சுருதிப் பெட்டியை முடுக்கி, லாப்டாப் முன்னால் உட்காருவேன். திரையில் துபாயிலிருந்து ஒரு குழந்தை, புனேயிலிருந்து ஒன்று, பெங்களூரிலிருந்து இரண்டு. நான் "சரிக" என்று பாடினால் அங்கே "ச...க" என்று போய்ச் சேரும். நடுவிலிருக்கிற ரிஷபத்தை யார் விழுங்கினார்கள் என்று தெரியாது! அடுத்த நிமிஷம் குழந்தை வாயைத் திறந்தபடியே சிலையாகிவிடும். "டீச்சர், நீங்க தெரியலை... டீச்சர், கேக்கலை..." அவ்வளவுதான். அன்றைய வகுப்பு முடிந்தது.

மொத்தம் ஏழு குழந்தைகள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய். ஏழாயிரம் பெரிய தொகையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். என் பெண்ணின் கல்லூரி பஸ் கட்டணமும், அத்தையின் மாதாந்திர மாத்திரைச் செலவும் அதில்தான் நடக்கின்றன. அதைவிட, இருபது வருஷத்துக்குப் பிறகு என் கைக்கு வந்த என் சொந்தச் சம்பாத்தியம் அது.

போன ஐப்பசியில் பெங்களூர்க் குழந்தையின் அம்மா போன் செய்தார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். உங்க பாட்டுல குறை இல்லை. ஆனா அடிக்கடி கட் ஆகுது. அடுத்த மாசத்துலேருந்து இங்கேயே பக்கத்துல சேர்த்துடலாம்னு பார்க்கறோம்." இரண்டு நாள் கழித்து அவர் அக்கா பிள்ளையும் நின்றது. ஏழு, ஐந்தாயிற்று.

அன்றிரவு இவரிடம் சொன்னேன். "என்னங்க, இந்தக் கனெக்‌ஷனை மாத்திடலாமா?"

"எல்லாக் கம்பெனியும் ஒண்ணுதான். ஏதோ பொழுது போகப் பாடறே. இதுக்குப் போய் அலையணுமா?" என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் சொன்னவர் என் மாமியார்தான்!

அத்தை சொன்ன யோசனை

"ஏம்மா, பால்காரர்கிட்ட மாசக் கடைசியில போய் 'நீ சரியாவே வரலை'ன்னு சண்டை போட்டா கேப்பாரா? வராத நாளை அன்னன்னிக்கே குறிச்சு வெச்சாத்தானே கழிக்க முடியும்? இதையும் அந்த மாதிரி எழுதிப் பாரேன்."

எழுபத்தாறு வயது. இண்டர்நெட் என்றால் பேத்தி முகம் தெரிகிற பெட்டி என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. ஆனால் கணக்கு தெரியும்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து கோடு போட்டேன். தேதி, மணி, எந்த அறையில், பெட்டியில் என்ன விளக்கு எரிந்தது, அப்போது மழையா, காற்றா, கரண்ட் போயிருந்ததா. முப்பது நாள் விடாமல் எழுதினேன். மொத்தம் 22 முறை நின்றிருக்கிறது. அந்த 22-ஐயும் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே கண் திறந்தது.

ஏழு முறை குற்றவாளி நம் வீட்டுக்குள்ளேயே!

சொன்னால் சிரிப்பீர்கள். ஏழு முறை எல்லா விளக்கும் ஒழுங்காகப் பச்சையாகவே இருந்தது. ஹாலில் டி.வி. நன்றாக ஓடியது. படுக்கையறையில் என் லாப்டாப் மட்டும் திணறியது. அதிலும் ஐந்து முறை நேரம் சரியாக ஏழு மணி. ஏழு மணிக்கு என்ன நடக்கிறது? இவர் ஆபீஸிலிருந்து வந்து, மைக்ரோவேவ் அடுப்பில் டிபனைச் சூடு பண்ணுகிறார்!

வை-ஃபை என்பது ரேடியோ அலை. பழைய வகை வை-ஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் சமையலறை. அடுப்பு ஓடினால் நடுவில் அலை குழம்பாமல் என்ன செய்யும்? போதாததற்கு ரௌட்டரை டி.வி.க்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி ஒளித்து வைத்திருந்தோம், பார்க்க அழகாக இல்லை என்று! இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டித் தண்ணீர் எல்லாமே அலையைத் தடுக்கும்.

பெட்டியைத் தலை உயரத்தில், திறந்த இடத்தில், வீட்டின் நடுவாக வைக்கச் செய்தேன். இன்றைய ரௌட்டர்களில் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு வரிசையும் உண்டு. அது வேகமானது, மைக்ரோவேவ் தொந்தரவும் இல்லை. ஆனால் சுவர் தாண்டினால் பலம் குறையும். அதனால் வகுப்பு எடுக்கும் மேஜை வரை ஒரு லேன் ஒயரை இழுத்து லாப்டாப்பில் நேராகச் செருகிவிட்டேன். இதற்கு ஆன செலவு சில நூறு ரூபாய்தான்.

சகோதரிகளே, கம்பெனியை மாற்றுவதற்கு முன்னால் இதை மட்டும் அவசியம் செய்து பாருங்கள். ஒயரில் செருகினால் நன்றாக வருகிறது, வை-ஃபையில் மட்டும் வரவில்லை என்றால் குறை வீட்டுக்குள். பத்துக் கம்பெனி மாற்றினாலும் அது கூடவே வரும்.

மீதிப் பதினைந்து

நான்கு முறை, கரண்ட் போனபோது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, பெட்டி எரிகிறது. ஆனாலும் இண்டர்நெட் வரவில்லை. விசாரித்தபோது தெரு முனையில் கம்பெனி வைத்திருக்கும் பெட்டிக்கு பேட்டரி வசதி இல்லையாம். நம் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் வைத்து என்ன பலன்?

ஐந்து முறை, காற்றடித்தபோது. எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு. அதற்கு அர்த்தம், கம்பெனியிலிருந்து வரவேண்டிய ஒளி நம் வீட்டுப் பெட்டியை வந்தடையவில்லை என்பது. ஆமாம், ஒளிதான்! ஃபைபர் ஒயருக்குள் இருப்பது செம்புக் கம்பி இல்லை. தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை. கண்ணாடியைப் போதுமான அளவு தூய்மையாக்கினால் அதில் வெகுதூரத்துக்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966-லேயே சொன்னவர் சார்லஸ் காவ். 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பேர்ப்பட்ட கண்ணாடி இழையை எங்கள் தெருவில் முருங்கை மரத்தில் சுற்றி, மாடிக் கைப்பிடியில் மடக்கிக் கட்டியிருந்தார்கள்! அளவுக்கு மீறி மடங்கினால் ஒளி கசிந்துவிடும். அதனால் வீட்டைப் பெருக்கும்போதும், பரணில் சாமான் ஏற்றும்போதும் அந்த மெல்லிய ஒயரை மடக்காமல், மேலே எதையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஆறு முறை, இரவு ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள். விளக்கு பச்சை, காற்று இல்லை, மழை இல்லை, லாப்டாப்பில் ஒயர்கூடச் செருகியிருக்கிறது. ஆனாலும் ஆமை வேகம். ஒரே ஃபைபர் 32 வீடுகளுக்குப் பிரிந்து போவது சாதாரணம்; அதற்குப் பின்னால் தெரு முழுக்க ஒரே வழி. காலையில் வேகமாக வருகிற தண்ணீர், எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்ததும் நூலாக வருவதில்லையா? அப்படித்தான். ஆளுக்கேற்றபடி வழியைக் கம்பெனி அகலப்படுத்த வேண்டும். நம்மால் ஆகக்கூடியதில்லை.

புகார் செய்யும் முறை

அதுவரை நானும் எல்லோரையும் போல, ஒயர் மாட்டிய தம்பிக்கே போன் செய்துகொண்டிருந்தேன். பாவம், அவரும் "அக்கா, ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். அது பதிவாகாத புகார். கம்பெனியின் புகார் எண்ணுக்கே சொல்லி, புகார் நம்பரை வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருதடவை யாரும் வராமலேயே "சரிசெய்யப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. என்னிடம் நம்பரும் தேதியும் இருந்ததால் விடவில்லை.

டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ல் கொண்டுவந்த விதிப்படி, புகாரில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது. டிராய் தனிப்பட்ட புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற தேசிய எண் இருக்கிறது. பழுது நாட்கணக்கில் நீண்டால் அந்த நாட்களுக்குக் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

நான் முறையிட்டேன். முருங்கை மரத்து ஒயரை எடுத்துப் புதிதாக இழுத்துக் கொடுத்தார்கள். காற்றுக்கு நிற்பது நின்றது. ஆனால் இரவு நேரத்து ஆமை வேகமும், கரண்ட் போனால் நிற்பதும் அப்படியே இருந்தன. அப்போதுதான் மாற்றுவதென்று முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவில்லை, கணக்குப் பார்த்து எடுத்தது.

புதியதைத் தேர்ந்தெடுத்த விதம்

விளம்பரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் தெருவிலேயே யார் வீட்டில் எந்தக் கம்பெனி என்று கேட்டேன். எதிர்வீட்டு அக்கா வேறு கம்பெனி. ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு, "அக்கா, பத்து நிமிஷம் உங்க வீட்ல உட்கார்ந்துக்கறேன்" என்று லாப்டாப்போடு போய்விட்டேன். புனேக் குழந்தையோடு வீடியோவில் பேசிப் பார்த்தேன். தடங்கல் இல்லை. பகல் இரண்டு மணிக்குச் சோதித்துப் பிரயோஜனமில்லை. நமக்கு வேண்டிய நேரத்தில் பார்க்க வேண்டும்.

பிறகு கம்பெனிக்காரரிடம் நான் கேட்டவை இவை. தெருப் பெட்டிக்கு பேட்டரி உண்டா? பழுதானால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில்? மாதாமாதம் பணம் கட்டலாமா? மாட்டும் கூலி, டெபாசிட் எவ்வளவு, நிறுத்தினால் எவ்வளவு திரும்பும்? விளம்பரத்தில் காணும் தொகையில் பெரும்பாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மூன்று மாதமாவது அந்த ஆசைக்குப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயம். 100 எம்.பி.பி.எஸ். என்றதும் ஏமாறவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட்தான். ஒரு வீடியோ வகுப்புக்கு அதில் சிறு பங்கே போதும். நமக்கு முக்கியம் வேகம் இல்லை. விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வருவது.

பழையதை உடனே விடாதீர்கள்

2011 முதல் செல்போன் எண்ணை அப்படியே கம்பெனி மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் இருக்கிறது. வீட்டு இண்டர்நெட்டுக்கு அப்படி இல்லை. பழையதை நிறுத்தி, புதியதை வாங்க வேண்டும். பழைய கனெக்‌ஷனோடு லேண்ட்லைன் எண் இருந்தால் அதுவும் போய்விடலாம். பாங்க், ஆஸ்பத்திரி, காஸ் கம்பெனி இங்கெல்லாம் கொடுத்த எண்ணை முதலில் மாற்றிவிடுங்கள்.

புது மாவு மில்லில் எடுத்த எடுப்பிலேயே பத்துக் கிலோ அரைக்கக் கொடுப்போமா? இரண்டு கிலோ கொடுத்துப் பார்ப்போம். அதே போல் பதினைந்து நாள் இரண்டு கனெக்‌ஷனையும் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஆனால் ஒரு வகுப்புகூட நிற்கவில்லை.

பழையதை நிறுத்தச் சொன்னதும் பாதி விலைக்குத் தருவதாக போன் வந்தது. மனசு ஒரு நிமிஷம் சபலப்பட்டது. நோட்டைப் புரட்டினேன். இரவு எட்டு மணி, எட்டேகால், எட்டரை... "வேண்டாங்க" என்றேன். நிறுத்தச் சொன்னதை எழுத்து மூலமாகவும் அனுப்பி, அவர்களுடைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்து ரசீதும் வாங்கி வைத்தேன்.

மூன்று மாதம் ஆகிறது. புதியதும் தெய்வமில்லை. இரண்டு தடவை நின்றது. இரண்டும் நோட்டில் இருக்கின்றன. அவசரத்துக்கு என் செல்போனின் ஹாட்ஸ்பாட். அதற்கு, வீட்டு இண்டர்நெட் கம்பெனி இல்லாத வேறு கம்பெனியின் சிம்.

நின்ற குழந்தைகளில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. இவர் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "பதினாலு கிளாஸா போச்சு? சொல்லவே இல்லையே நீ" என்றார். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எழுதிக் காட்டியபோதுதான் காதில் விழுந்தது. இப்போதெல்லாம் ஏழு மணிக்கு டிபனை அடுப்பில் வாணலி வைத்துச் சூடு பண்ணுகிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பால் கணக்கு நோட்டு இருக்குமே? கடைசிப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். இன்றைக்கே ஐந்து கோடு போட்டுவிடுங்கள்.