உஷார்! பிக்கப்பைக் கூட்டும் ஏர் ஃபில்டர் இன்ஜினைத் தின்னும்

"இந்த ஃபில்டர் போட்டதிலிருந்து வண்டி நல்லா இழுக்குது" என்று லாரி பட்டறையில் யாராவது சொன்னால், உடனே கடைக்கு ஓடி அதையே வாங்கிவிடாதீர்கள். பயப்பட வேண்டிய பேச்சு அது. அடைத்துப்போன பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதிதைப் போட்டால் இழுவை திரும்பும், அது இயல்பு. நன்றாக இருந்த கம்பெனி ஃபில்டரைவிட, பாதி விலைக்கு வாங்கிய ஃபில்டரில் வண்டி சீறுகிறது என்றால், காற்று தடையே இல்லாமல் உள்ளே போகிறது என்று பொருள். காற்று அப்படிப் போகும்போது தூசியும் கூடவே போகும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். மோசமான டீசல் வண்டியை வழியிலேயே நிறுத்திவிடும். டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும். மோசமான ஏர் ஃபில்டர் வண்டியை நிறுத்தாது. மாதக்கணக்கில் நன்றாகவே ஓடவிட்டு, ஒருநாள் மொத்த இன்ஜின் வேலையைக் கொண்டுவந்து வைக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஆறு லிட்டர் இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது டர்போ இல்லாமலே நிமிடத்துக்கு 6,000 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ அழுத்தம் ஏறினால் அது இரட்டிப்பை நெருங்கும். ஒரு லிட்டர் டீசல் எரிய 10,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். 300 லிட்டர் டேங்கை ஒருமுறை காலி செய்தால் இன்ஜின் 30 லட்சம் லிட்டர் காற்றைக் குடித்திருக்கிறது. அத்தனையும் நம் சாலைக் காற்று, குவாரிக் காற்று, செங்கல் சூளைப் பக்கத்துக் காற்று.

அந்தத் தூசியில் பெரும்பங்கு மணல்துகள், அதாவது குவார்ட்ஸ். லைனரும் ரிங்கும் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகளைவிட, தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு, 10 மைக்ரான் அளவில் இருப்பதுதான் கொடியது. ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலத்துக்குள் நுழைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்க்கும். முதலில் டர்போவின் காற்றிழுக்கும் சக்கரத்தில் இலைகளின் முனை மழுங்கும். பிறகு பிரீதரில் புகை வரும், ஆயில் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இந்த அறிகுறிகள் தெரியும்போது தேய்மானம் முடிந்திருக்கும். அதன்பின் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் தேய்ந்த லைனர் திரும்பாது.

"இதுவும் 99 சதவீதம் வடிகட்டும்" என்று கடையில் சொல்வார்கள். அந்த ஒரு சதவீதத்தில்தான் இருக்கிறது சங்கதி. நல்ல ஃபில்டர் 99.9 சதவீதம் பிடிக்கும். ஒரு கிலோ தூசி வந்தால் ஒரு கிராம்தான் உள்ளே போகும். 99 சதவீத ஃபில்டரில் போவது பத்து கிராம். கேட்க அருகருகே இருக்கும் இரண்டு எண்கள், இன்ஜினுக்குப் பத்து மடங்கு வித்தியாசம். இதைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற உலகத் தரமுறை இருக்கிறது. அந்தச் சோதனை அறிக்கையைத் தரமுடியாத தயாரிப்பாளரின் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

டாஷ்போர்டில் அல்லது ஃபில்டர் கூட்டில் சிவப்பு காட்டும் இண்டிகேட்டர் இருக்கிறதே, அது எச்சரிக்காதா என்று கேட்கலாம். எச்சரிக்காது. அது அளப்பது அடைப்பை மட்டும். பல டர்போ டீசல்களில் 25 அங்குல நீரழுத்தம் அளவுக்குத் தடை ஏறினால் சிவப்பு வரும். தூசியைப் பிடிக்காமல் விடும் ஃபில்டர் அடைக்கவே அடைக்காது; சிவப்பும் வராது. "இந்த ஃபில்டர் ரொம்ப நாள் வருது" என்ற பெருமையின் பின்னால் பல சமயம் இருப்பது இந்த ஓட்டைதான்.

வெளிச்சந்தை ஃபில்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி கம்பெனிகளுக்கே செய்து கொடுக்கும் டொனால்ட்சன், ஃப்ளீட்கார்டு, மான் போன்றவர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள், தாராளமாக வாங்கலாம். பயமெல்லாம், அவர்கள் பெட்டியைப் போலவே பெட்டி அடித்து வரும் டூப்ளிகேட்டைப் பற்றியும், முகவரியே இல்லாத லோக்கலைப் பற்றியும்தான். போலி மார்க் போட்ட சரக்கை விற்பவருக்கு 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அதனால்தான் அப்படிப்பட்ட சரக்குக்கு பில் கிடைக்காது. ஜிஎஸ்டி பில் இல்லையென்றால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். மடிப்புகள் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விரிந்திருந்தால் வேண்டாம். பழைய ஒரிஜினலோடு வைத்து மடிப்பை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் பேப்பர் குறைவு. ஓரத்து சீலை விரலால் அழுத்தினால் உடனே மேலெழும்ப வேண்டும். கல்லாக இருந்தாலும், அழுந்தியபடியே கிடந்தாலும் அது சீலே இல்லை. உள்ளே இருக்கும் கம்பிவலை மெலிந்திருந்தால் மழைக்காலத்தில் பேப்பர் நனைந்து இழுவையில் நசுங்கும். எல்லாவற்றுக்கும் மேல், "அளவு சரியா இருக்கு" என்று வாங்காதீர்கள். வெளியளவு ஒன்றாக இருந்து, உள்வட்டம் இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும், தூசிக்குத் தனிப்பாதை கிடைத்துவிடும். ஒரே மாடலில் பிஎஸ் 4-க்கும் பிஎஸ் 6-க்கும் ஃபில்டர் மாறலாம். பார்ட் நம்பரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டிக்காரர்களுக்குக் கவலை இன்னும் அதிகம். ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் அதன் சாம்பல், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப்பில் போய் அடைக்கும். பிக்கப் வண்டிகளுக்கு விற்கப்படும், கழுவிக் கழுவி எண்ணெய் தடவிப் போடும் பருத்தி ஃபில்டரில் எண்ணெய் கூடிவிட்டால், காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து தப்புக் கணக்குக் காட்டும். நம் ஊர்ப் புழுதிக்கு அது ஏற்றதே இல்லை.

சரி, நல்ல ஃபில்டரே வாங்கியாயிற்று. மாட்டுவதில் கோட்டைவிட்டால் அதுவும் வீண். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கூட்டைத் திறக்க வேண்டும். பழைய ஃபில்டரை மெல்ல அசைத்து எடுங்கள். தட்டி எடுத்தால் தூசி நேராக உள்பக்கம் விழும். கூட்டை ஈரத்துணியால் துடையுங்கள், காற்றடித்து ஊதாதீர்கள். புதிதை உள்ளே தள்ளும்போது ஓரத்தைப் பிடித்து அழுத்துங்கள். மூடியை வைத்து அடித்து உள்ளே தள்ளக் கூடாது. கிளிப் கைக்கு அடங்காமல் முரண்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. சீலில் கிரீஸ் தடவும் பழக்கத்தை விடுங்கள், அது தூசியைச் சேர்த்துவைக்கும். கூட்டின் அடியில் தூசி கொட்டும் ரப்பர் மூக்கு கீழ்நோக்கி இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே வரும் ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். அங்கே வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருந்தால், வடிகட்டாத காற்று நேராக டர்போவுக்குப் போகிறது.

இரண்டு ஃபில்டர் உள்ள வண்டியில் உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வெளி ஃபில்டர் கிழிந்தால் இன்ஜினைக் காப்பாற்ற அது ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது. காலம் வந்தால் புதிதுதான்.

வெளி ஃபில்டரைப் பஞ்சர் கடையில் ஊதிப் போடுவது அடுத்த ஆபத்து. லாரி டயருக்கு 100 பிஎஸ்ஐக்கு மேல் வைத்திருக்கும் காற்றை அப்படியே பேப்பரில் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். வண்டியின் கையேடு அனுமதித்தால் மட்டும், 30 பிஎஸ்ஐக்குள், உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதலாம். தினமும் திறந்து தட்டுவதும் தவறு. பேப்பரில் லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் புதிதைவிட நன்றாக வடிகட்டும். கிரஷரில் ஓடும் டிப்பரும் போர்வெல் ரிக்கும் சீக்கிரம் சிவப்பு காட்டும். அவர்கள் ஊதிக் காலம் தள்ளாமல், மாற்று ஃபில்டர் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யுங்கள். இன்ஜினை நிறுத்தி, ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, உட்பக்கம் வெள்ளைத்துணியால் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை அந்த வண்டியை லோடுக்கு அனுப்பாதீர்கள்.