குப்பையா, சுமாரா? கேம் விமர்சனத்தைப் படிப்பது எப்படி?

புதிய கம்ப்யூட்டர் வீட்டிற்கு வந்து, விண்டோஸ் சரியாக இயங்கத் தொடங்கியவுடன் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்ன கேம் விளையாடலாம்?" என்பதுதான். ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் ஆயிரக்கணக்கான கேம்கள் கிடைக்கின்றன. பெரிய நிறுவனங்களின் புதிய கேம் ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். சிலவற்றை டவுன்லோட் செய்திட 100 ஜிபிக்கும் மேல் டேட்டா தேவைப்படும். இவ்வளவு செலவு செய்த பின்னர் கேம் நன்றாக இல்லை என்றால், பணமும் போய் விடுமுறையும் வீணாகி விடும்.

எனவே பலர் வாங்கும் முன் விமர்சனங்களைத் தேடிப் பார்க்கின்றனர். அங்கே ஒருவர் "குப்பை" என்கிறார். இன்னொருவர் "சுமார்" என்கிறார். மூன்றாமவர் "அருமை" என்கிறார். புதியவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒரு கேம் ஏமாற்றம் தருவதற்குப் பலவகைக் குறைகள் காரணமாகின்றன. சில குறைகள் சில மாதங்களில் சரி செய்யப்பட்டு விடும். சில எத்தனை ஆண்டுகள் ஆனாலும் சரியாகாது. எனவே எத்தனை மதிப்பெண் என்பதைக் காட்டிலும், எந்த வகைக் குறை என்பதைத்தான் விமர்சனத்தில் தேட வேண்டும். பெயர் கெட்டுப் போன சில கேம்களைக் கொண்டு இதனைப் பார்க்கலாம்.

அவசரத்தில் வந்த கேம்கள்

மோசமான கேம்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் தவறாமல் இடம் பெறுவது, அடாரி நிறுவனம் 1982ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட ஈ.டி. அதே ஆண்டு வந்த ஸ்பீல்பெர்க்கின் திரைப்படத்தை ஒட்டி, கிறிஸ்துமஸ் விற்பனைக்காகத் தயாரிக்கப்பட்டது. இதனை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் மட்டுமே. அவர் திறமை இல்லாதவர் அல்லர். அடாரியின் வெற்றி பெற்ற கேம்களில் ஒன்றான யார்ஸ் ரிவெஞ்ச் அவர் எழுதியதுதான். ஆனால் ஈ.டி. கேமில், குழியின் ஓரத்தை உரசினாலே பாத்திரம் உள்ளே விழுந்து விடும். மேலே ஏறி வந்தால் மறுபடியும் விழும். விற்காமல் தேங்கியவற்றில் ஒரு பகுதியை 1983ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தனர். 2014ல் அந்த இடத்தைத் தோண்டிய போது, வேறு பல அடாரி கேம்களுடன் இதன் கார்ட்ரிட்ஜ்களும் வெளியே வந்தன.

கம்ப்யூட்டர் கேம்களில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது 2003ல் வந்த பிக் ரிக்ஸ் என்ற லாரிப் பந்தய கேம். இதில் எதிராளியின் லாரி புறப்பட்ட இடத்தை விட்டு நகராது. நம் லாரி கட்டடங்களுக்குள் புகுந்து மறுபக்கம் வரும். பாலத்தின் மேல் நிற்காமல் அதன் ஊடே கீழே இறங்கி விடும். ரிவர்ஸ் கியரில் வேகம் ஏறிக் கொண்டே போகும். கேம்ஸ்பாட் இதற்குப் பத்துக்கு ஒன்று மட்டுமே தந்தது. பின்னர் வந்த பேட்ச், அதாவது குறைகளைச் சரி செய்யத் தரப்படும் பைல், எதிராளியின் லாரியை ஓட வைத்தது. ஆனால் அது முடிவுக் கோட்டிற்கு முன்பாகவே நின்று விட்டது.

முடிக்காமலே கடைக்கு அனுப்பப்பட்ட கேம்கள் இவை. விளையாட்டே உள்ளே இல்லாத போது, பேட்ச் எதைச் சரி செய்யும்? விமர்சகர்கள் பலரும் இந்த வகைக் குறையைச் சொன்னால் தயங்காமல் ஒதுக்கி விடலாம்.

இழுத்தடித்து வந்த கேம்கள்

அவசரம்தான் கெடுக்கிறது என்றால், நிறைய நேரம் எடுத்துக் கொண்டால் நன்றாக வந்து விடுமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. டூம், குவேக் ஆகிய கேம்களால் புகழ் பெற்ற ஜான் ரொமேரோ, அயன் ஸ்டார்ம் நிறுவனத்தில் டைகாட்டானா என்ற கேமைத் தொடங்கினார். 1997 கிறிஸ்துமஸுக்கு வரும் என்றார்கள். வந்ததோ 2000ஆம் ஆண்டில். இடையில், கேமின் அடித்தளமாக அமையும் இன்ஜின் என்ற புரோகிராமையே மாற்றினார்கள். அதற்குள் மற்ற நிறுவனங்களின் கேம்கள் தோற்றத்தில் முந்தி விட்டன. நமக்கு உதவ வேண்டிய துணைப் பாத்திரங்கள் வழி தெரியாமல் மாட்டிக் கொண்டு இறந்தன. அவர்கள் இறந்தால் ஆட்டமும் முடிந்தது. விளையாடுபவர்களையே மட்டம் தட்டும் வகையில் அமைந்த விளம்பரம் ஒன்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது. அந்த விளம்பரத்திற்காகப் பின்னாளில் ரொமேரோ மன்னிப்புக் கேட்டார். அதே 2000ஆம் ஆண்டில், அதே அயன் ஸ்டார்மின் ஆஸ்டின் கிளை வெளியிட்ட டியூஸ் எக்ஸ் இன்றும் சிறந்த கேம்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. எனவே பெட்டி மேல் உள்ள நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல.

டியூக் நியூகெம் ஃபாரெவர் கதை இன்னும் நீளமானது. 1997ல் அறிவிக்கப்பட்டு 2011ல் வந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த போது அதன் நகைச்சுவையும் ஆட்ட முறையும் பழையதாகி இருந்தன. "பழைய வாடை அடிக்கிறது" என்ற குறையைப் பேட்ச் கொண்டு நீக்க முடியாது.

கேம் நல்லது, கம்ப்யூட்டரில் ஓடவில்லை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய வகை இது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களில் ஒரு மாடலுக்குள் பாகங்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். கம்ப்யூட்டர்களில் அப்படி இல்லை. உங்களுடைய கிராபிக்ஸ் கார்ட் வேறு, பக்கத்து வீட்டுக்காரருடையது வேறு. கன்சோலுக்காக எழுதிய கேமை கம்ப்யூட்டருக்கு மாற்றுவதைப் போர்ட் செய்தல் என்பார்கள். இதில்தான் பல கேம்கள் கோட்டை விடுகின்றன.

2015 ஜூன் மாதம் வந்த பேட்மேன்: ஆர்க்கம் நைட் கன்சோல்களில் பாராட்டுப் பெற்றது. அதன் கம்ப்யூட்டர் பதிப்போ விக்கி விக்கி ஓடியது. நொடிக்கு 30 பிரேம்களுக்கு மேல் காட்டாதபடி பூட்டும் போடப்பட்டிருந்தது. பிரேம் என்பது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம். நல்ல கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் நொடிக்கு 60 பிரேம்களை எதிர்பார்ப்பது வழக்கம். புகார்கள் குவிய, வெளிவந்த சில நாட்களுக்குள் கம்ப்யூட்டர் பதிப்பின் விற்பனை நிறுத்தப்பட்டது. அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் கடைக்கு வந்தது.

2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 இதற்கு நேர் எதிர். வெளியீட்டிற்கு முன் விமர்சகர்களுக்குத் தரப்பட்டது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே. அதைப் பார்த்து நல்ல மதிப்பெண்கள் தந்தார்கள். அதை நம்பி பிளேஸ்டேஷன் 4ல் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஒரு வாரம் கழிந்தவுடன் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்து விட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப அனுமதித்தது. 2023ல் வந்த 2.0 அப்டேட்டிற்குப் பின் இந்தக் கேமின் பெயர் பெரிதும் மீண்டது.

இந்த வகையில் கேமின் உள்ளே சரக்கு இருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்திருந்தால் சரியான பதிப்பு, பெரும்பாலும் குறைந்த விலையிலேயே கிடைக்கும்.

சொன்னது ஒன்று, தந்தது ஒன்று

ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் 2013ல் வந்தது. முன்பு காட்டிய டெமோ மிரட்டலாக இருந்தது. வாங்கியவர்கள் கண்டதோ மங்கலான காட்சிகள், சுவரைப் பார்த்துத் திகைத்து நிற்கும் ஏலியன்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் செட்டிங்ஸ் பைல் ஒன்றில், கட்டி வைத்தல் என்று பொருள் தரும் டெதர் என்ற ஆங்கிலச் சொல் ஒரு எழுத்து கூடுதலாகத் தவறாக டைப் செய்யப்பட்டிருந்தது. இதனால் ஏலியன்களின் நடமாட்டம் தொடர்பான கட்டளை ஒன்று வேலை செய்யாமலே போனது. விளையாடுபவர் ஒருவர் கண்டுபிடித்த இந்தச் செய்தி 2018ல் பரவியது. அந்த எழுத்தை நீக்கினால் ஏலியன்கள் முன்பைக் காட்டிலும் சாமர்த்தியமாகத் தாக்குவதாகப் பலர் தெரிவித்தனர். ஆனால் கதையும் காட்சிகளும் அப்படியேதான் இருந்தன.

2016ல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை இன்னொரு வகை. 64 பிட் எண்ணை அடிப்படையாகக் கொண்டு, 18க்குப் பின் 18 இலக்கங்கள் வரும் அளவு எண்ணிக்கையில் கிரகங்களைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டு உருவாக்கும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரு சில கிரகங்களுக்குப் பின் எல்லாம் ஒன்று போலத் தெரிந்தன. ஒருவரை ஒருவர் சந்திக்கலாம் என்று நம்பி, ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்த இருவர் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. ஹலோ கேம்ஸ் என்ற அந்தச் சிறிய நிறுவனம் தளராமல் இலவச அப்டேட்களைத் தந்தது. 2018ல் பலர் சேர்ந்து விளையாடும் வசதி முழுமையாக வந்தது. இன்று இதைத் தேடிச் சென்று வாங்குகிறார்கள். ஆனால் எல்லா நிறுவனமும் இப்படி உழைக்கும் என்று எண்ணி, முன்கூட்டியே பணம் கட்டக் கூடாது. அறிவிப்பில் சொல்லப்பட்டது எதிர்காலம். வாங்குவது இன்று உள்ளே இருப்பதை மட்டுமே.

சுமார் கேம்கள்

குறை என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இருக்காது. நன்றாக ஓடும். படமும் நன்றாக இருக்கும். ஆனால் அரை மணி நேரத்தில் கொட்டாவி வரும். சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட கான்கார்ட் இப்படிப்பட்டது. விலை 40 டாலர். இதே போல் அணியாகச் சேர்ந்து சுடும் வேலரண்ட் 2020ல் வந்த நாள் முதல் இலவசம். ஓவர்வாட்ச் 2022ல் இலவசமாகி விட்டது. பிறகு யார் பணம் கொடுப்பார்கள்? செப்டம்பர் 6 அன்று கேமையே நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். இது போன்ற இணையவழி கேம்களில், சர்வரை நிறுத்தி விட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைல்களால் பயனில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

மதிப்பெண்களைப் படிக்கும் முறை

1. மெட்டாகிரிட்டிக் தளம் பல விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று தருகிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி எண் உண்டு. கம்ப்யூட்டருக்கான எண்ணை மட்டும் பாருங்கள்.

2. ஸ்டீம் தளத்தில் 70 சதவீதம் என்று இருந்தால் அது 70 மதிப்பெண் இல்லை. எழுதியவர்களில் 100க்கு 70 பேர் வாங்கலாம் என்கிறார்கள் என்று பொருள்.

3. ஸ்டீமில் மொத்த விமர்சனம், அண்மை விமர்சனம் என இரண்டு உண்டு. மொத்தம் நன்றாக இருந்து அண்மை மோசமாக இருந்தால், ஏதோ ஒரு அப்டேட் கெடுத்திருக்கலாம். மாறாக இருந்தால் கேம் திருந்தி வருகிறது.

4. எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் அங்கே இருக்கும். பத்து நிமிடம் விளையாடித் திட்டுபவரையும், 300 மணி நேரம் விளையாடிய பின் திட்டுபவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

5. விமர்சனத்தின் தேதியைப் பாருங்கள். 2013ல் வந்த சிம்சிட்டி கேமிற்கு பாலிகன் தளம் முதலில் 9.5 தந்தது. இணைய இணைப்பு இல்லாமல் அது ஓடாது. மக்கள் மொத்தமாக நுழைந்தவுடன் சர்வர்கள் திணறின. உடனே அந்த மதிப்பெண் 8 ஆகி, பின் 4 ஆகியது. நிலைமை சீரான பின் 6.5 ஆனது. ஒரே கேம், ஒரே தளம், நான்கு எண்கள்!

வாங்கும் முன்பும் பின்பும்

முதலில் உங்கள் கம்ப்யூட்டரைத் தெரிந்து கொள்ளுங்கள். கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் கீகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்பதில் கிளிக் செய்தால் பிராசசர், மெமரி, கிராபிக்ஸ் கார்ட் விபரங்கள் தெரியும். இவற்றைக் கேமின் பக்கத்தில் தரப்பட்டுள்ள தேவைகளுடன் ஒப்பிடுங்கள். அங்கே மினிமம் என்று இருப்பது எப்படியோ ஓடும் என்பதற்கு. ரெகமண்டட் என்று இருப்பதுதான் நிம்மதியாக விளையாடுவதற்கு. மினிமம் தேவைக்கும் குறைவான கம்ப்யூட்டரில் கேம் திணறினால், குற்றம் கேமின் மேல் இல்லை.

அடுத்து, யாரேனும் விளையாடிப் பதிவு செய்த வீடியோவை யூடியூபில் பாருங்கள். நிறுவனத்தின் டிரைலர் வேண்டாம். உங்களிடம் உள்ள அதே கிராபிக்ஸ் கார்டில் ஓடும் வீடியோ கிடைத்தால் மிகவும் நல்லது.

வாங்கிய பின் ஏமாற்றமாக இருந்தால் பேசாமல் இருந்து விடாதீர்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால், ஹெல்ப் மெனுவில் ஸ்டீம் சப்போர்ட் சென்று பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டவுன்லோட் ஆகும் நேரம் இதில் சேராது. எனவே முதல் இரண்டு மணி நேரத்தைச் சோதனை நேரமாக வைத்துக் கொள்ளுங்கள். கேம் விக்குகிறதா, அடிக்கடி நின்று போகிறதா, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்து அதற்குள் முடிவெடுங்கள்.

அடுத்த முறை ஒரு கேமைப் பற்றி "மோசம்" என்று படித்தால், ஏன் மோசம் என்று கேளுங்கள். ஓடுவதில்தான் குறை என்றால் காத்திருங்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் விட்டு விடுங்கள். விமர்சகருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம் என்றால், உங்கள் பிள்ளைக்கு அது பிடிக்கவும் கூடும். இரண்டு மணி நேரம் விளையாட விட்டுப் பாருங்கள்.