காய்ச்சலும் இதயத்தின் தாளமும்

மனிதரின் இதயம் அவரவர் மூடிய கையளவே உள்ளது. எனினும், அது ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கிறது. இதயத்தின் வலப்பக்க மேலறையில் உள்ள ஒரு சிறு திசுவில் மெல்லிய மின்தூண்டல் தோன்றுகிறது. அது இதயத் தசை முழுவதும் ஒழுங்காகப் பரவ, தசை சுருங்கி விரிகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும்.

தில்லி போன்ற வடநகரங்களில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் சளியும் காய்ச்சலும் பெருகுகின்றன. இன்ஃபுளுவென்சா, கொரோனா முதலிய வைரஸ்கள் மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றைத் தாக்குகின்றன. உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், நாடித்துடிப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 கூடும். இது இயல்பானதே. காய்ச்சல் தணிந்தால் துடிப்பும் தணியும்.

ஆயினும், அரிதாகச் சிலருக்குக் கிருமியாலோ, அதனை எதிர்க்கும் உடலின் ஆற்றலாலோ இதயத் தசையே புண்பட்டு வீங்குகிறது. இதனை ‘இதயத்தசை அழற்சி’ என்பர். அப்போது மின்தூண்டல் செல்லும் வழி தடைபடுகிறது. துடிப்பு மிக விரைவாகவோ, மிக மெதுவாகவோ, ஒழுங்கின்றியோ அமைகிறது. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உடலில் நீரும் பொட்டாசியமும் குறைந்தாலும் தாளம் தவறக்கூடும்.

இந்நிலையில் கடுமையாக ஓடுவதும் விளையாடுவதும் உயிருக்கே தீங்காகலாம். ஆதலால், இவ்வழற்சி கண்டவர்களை 3 முதல் 6 மாதங்கள் வரை போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டா என மருத்துவர் தடுப்பர். விளையாட்டு விழா நெருங்குகிறது என்றோ, முழு வருகைக்குப் பரிசு உண்டு என்றோ எண்ணிக் காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கு வரும் மாணவர் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும். பதக்கத்தை அடுத்த ஆண்டும் வெல்லலாம்.

காய்ச்சலின்போதோ, அது நீங்கிய சில வாரங்களிலோ நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூற வேண்டும். மருத்துவர் ‘ஈசிஜி’ எனப்படும் இதய மின்வரைவு எடுத்துப் பார்ப்பார். அதற்குரிய முறையைக் கண்டறிந்தமைக்காக நெதர்லாந்து நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1924ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

நாடித்துடிப்பை அறியக் கருவி வேண்டுவதில்லை. மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கமாக, மற்றொரு கையின் இரு விரல்களை மெல்ல வைத்து ஒரு நிமிடம் எண்ணலாம். கட்டைவிரலால் எண்ணுதல் கூடாது. அதிலும் துடிப்பு உண்டாதலால் எண்ணிக்கை பிழைபடும். சிறுவர்க்கு மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தளர்வதும் இயற்கையே. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

பயிற்சி

1. காய்ச்சலின்போது நாடித்துடிப்பு கூடுவது எப்போது இயல்பு? எப்போது மருத்துவரை நாட வேண்டும்?
2. ஓய்வாக அமர்ந்து உமது நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி எழுதுக. ஓடிய பின்னர் மீண்டும் எண்ணி ஒப்பிடுக.
3. காய்ச்சலுடன் ஓட்டப்பந்தயத்திற்கு ஆயத்தமாகும் நண்பனுக்கு ஐந்து வரிகளில் கடிதம் வரைக.