முதலில் கை, பிறகு கணக்கு

தோட்டத்தில் பால்மரம் வெட்டப் பழகிய முதல் நாட்களை நினைத்துப் பாருங்கள். மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவுவதே அன்றைய பாடம். வாளி நிறைவது பிறகுதான்.

1997இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றும் இதையே காட்டுகிறது. ஸிம்மர்மன், கிட்சாந்தாஸ் என்ற இருவர் பள்ளி மாணவிகளுக்கு டார்ட்ஸ் என்னும் குறியம்பு எறியக் கற்பித்தனர். எறியும் முறையை முதலில் குறிக்கோளாகக் கொண்டு, அது கைவந்தபின் புள்ளிகளை நாடியவர்களே சிறந்து விளங்கினர். ஆர்வமும் அவர்களிடமே மிகுந்திருந்தது. தொடக்கத்திலிருந்தே புள்ளிகளை எண்ணியவர்கள் பின்தங்கினர். கை எங்கே தவறியது என்று புள்ளி சொல்லாதல்லவா?

மகள் தையல் பழகுகிறாளா? "எத்தனை சட்டை முடிந்தது?" என்று முதல் வாரமே கேட்காதீர்கள். "இன்று தையல் நேராக ஓடியதா?" என்று கேளுங்கள். கோணலைத் தானே பிரித்துத் திருத்துவாள். எண்ணிக்கையைப் பிறகு பேசலாம். அவசரக் கேள்விக்குப் பயந்து, பழகுவதையே விட்ட பிள்ளைகளை நான் அறிவேன்.