கருவியும் கல்லும்

நிலம் அளப்பது என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது சங்கிலியும், வரப்போரத்துச் சச்சரவும்தான். இன்று அந்தச் சங்கிலியின் இடத்தில், முக்காலிமேல் நின்று கண் சிமிட்டும் ஒரு கருவி வந்துவிட்டது. டோட்டல் ஸ்டேஷன் என்று பெயர். சென்ற கோடை விடுமுறையில், போதமலை அடிவாரத்திலுள்ள எங்கள் சித்தப்பாவின் குச்சிக்கிழங்குக் காட்டை அளந்தபோது, அதன் அருகில் ஒரு நாள் முழுதும் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கருவியைக் கொண்டுவந்தவர் நில அளவைத் தொழில் செய்யும் என் தாய்மாமன். பிரிசக் கம்பத்தைப் பிடிக்கும் வேலை எனக்கு.

கருவியின் தத்துவம் எளிது. பழைய தியோடலைட்டு கோணத்தை மட்டுமே அளக்கும். தூரத்திற்குச் சங்கிலி வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் இரண்டையும் தானே செய்கிறது. அதிலிருந்து புறப்படும் அகச்சிவப்பு அல்லது லேசர் ஒளி, எதிரே பிடித்த பிரிசத்தில் பட்டு வந்த வழியே திரும்புகிறது. போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டிலிருந்து தூரம் கிடைக்கிறது. அது சாய்வுத் தூரம். உள்ளிருக்கும் சிறு கணிப்பொறி செங்குத்துக் கோணத்தைக் கொண்டு அதைக் கிடைத் தூரமாக மாற்றித் தருகிறது. ஐந்து விநாடிக் கோணம் பிழைத்தாலும் 100 மீட்டரில் விலகல் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

ஆனால் அதை நிறுத்துவது பொறுமை வேண்டும் வேலை. பழைய சர்வே கல்லின் தலையிலுள்ள குறிக்கு நேர்மேலே முக்காலியை விரித்து, கால்களை மண்ணில் நன்றாக மிதித்து ஊன்ற வேண்டும். உழுத மண்ணானால் சிறிது நேரத்தில் ஒரு கால் இறங்கிவிடும். அடியிலிருந்து விழும் லேசர்ப் புள்ளி குறியின்மேல் நிற்க வேண்டும். முதலில் வட்டக் குமிழை முக்காலிக் கால்களை ஏற்றி இறக்கி நடுவுக்குக் கொண்டுவருவர். பிறகு நீளக் குமிழை இரண்டு திருகுகளுக்கு இணையாக வைத்து, இரு கட்டைவிரல்களாலும் அவற்றை ஒருசேர உள்நோக்கியோ வெளிநோக்கியோ திருக வேண்டும். இடது கட்டைவிரல் போகும் திசையில் குமிழ் போகும். இதை நான் பிடித்துக்கொள்ளக் கால் மணி நேரம் ஆயிற்று! அப்பால் கருவியைச் செங்கோணம் திருப்பி மூன்றாவது திருகு. மட்டம் சரியானதும் புள்ளி குறியைவிட்டு நகர்ந்திருக்கும்; மறுபடியும் முதலிலிருந்து.

இதன்பின் கருவியின் உயரம், பிரிசத்தின் உயரம், பிரிசத்துக்குரிய மாறிலி, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். பத்து டிகிரி வெப்பம் தவறாகப் பதிந்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே பிழை வரும். நம் காடுகளுக்கு அது பொருட்டன்று. பொருட்டானது வேறொன்று: திசை. கருவிக்குத் திசை தெரியாது. இடம் தெரிந்த இன்னொரு கல்லைக் குறிவைத்து, "இதுதான் அந்தக் கல்" என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இதைப் பின்னோக்கு என்பர்.

சித்தப்பாவுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் நடுவேயுள்ள பொழி 180 மீட்டர் நீளம். அதன் கிழக்கு முனைக் கல்லைக் காணவில்லை. மேற்கு முனைக் கல்மேல் கருவியை வைத்து, வடக்கே 90 மீட்டரிலிருந்த கல்லைப் பின்னோக்காகக் கொண்டோம். தூரத்தைப் புலப்படத்தோடு ஒப்பிட்டார் மாமா. சரியாக இருந்தது. பின் கிழக்கு முனையைக் குறித்தோம். குறி, பொழியைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குள் 1.2 மீட்டர் தள்ளி விழுந்தது! கணக்கிட்டால் எங்கள் பக்கம் இரண்டரைச் செண்டுக்கு மேல் கூடுகிறது. சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. அந்த ஓரத்தில் அவர் வைத்த தென்னைகள் நின்றன.

"இன்னொரு கல்லைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை" என்றார் மாமா.

இந்தப் பிடிவாதம் பழையது. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோணங்களை மட்டும் அளந்து சென்றவர், 1804-இல் பெங்களூர் அருகே மற்றொரு அடிக்கோட்டைச் சங்கிலியாலேயே அளந்து, தம் கணக்கோடு ஒப்பிட்டார். வேறுபாடு சில அங்குலமே. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட்டு சுவரில் மோதி நசுங்கியது. அதையும் வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே சரிசெய்தார். எந்த அளவையும் அது வந்த வழியிலேயே நம்பாதவர் அவர்.

மூன்று புலங்கள் கூடுமிடத்துக் கல் 110 மீட்டரில் இருந்தது. புதரை வெட்டி அதைக் கண்டோம். புலப்படத்தின்படி அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து 73 சென்டிமீட்டர் விலகிக் காட்டியது கருவி. இரண்டில் எந்தக் கல் பொய்? கிணற்று மூலையிலிருந்த நான்காவது கல்லையும் பார்த்தோம். அது மூன்றாவது கல்லோடு நான்கு சென்டிமீட்டருக்குள் ஒத்தது. வடக்குக் கல்தான் பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. பக்கவாட்டு நகர்வால் 90 மீட்டர்த் தூரம் இரண்டு மில்லிமீட்டர்தான் மாறும். ஆகவே தூரச் சோதனையில் அது அகப்படவில்லை. திசையோ 23 நிமிடம் திரும்பிவிட்டது. டிராக்டர் ஓட்டியவர் சாய்த்த கல்லை யாரோ நல்லெண்ணத்தோடு மீண்டும் நட்டிருக்க வேண்டும்.

திசையைத் திருத்தி மறுபடி குறித்தபோது, கிழக்கு முனை பழைய பொழியின்மேலேயே விழுந்தது. எங்கள் அளவை வழிகாட்டிதான். சட்டப்படி அத்துக் காட்ட வேண்டியவர் அரசு நில அளவரே. வடக்குக் கல்லை உரிய இடத்தில் நட வேண்டி இருவரும் சேர்ந்தே வட்டாட்சியர் அலுவலகத்திற்கு மனு எழுதினர். எழுதிக் கொடுத்தவன் நான். முக்காலியை மடக்கும்போது, முதலில் பார்த்த கல்லையே மாமா மறுபடியும் ஒருமுறை குறிவைத்துப் பார்த்தார். "நாள் முழுக்கக் கருவி அசையாமல் இருந்ததா என்று தெரிய வேண்டாமா?" என்றார். அசைந்திருக்கவில்லை.