உலகக் கோப்பையை யாரிடம் ஒப்படைப்பது?

உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்த விரும்பும் நாடு, அந்த உரிமையைக் கேட்டு ஃபிஃபாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்தெந்த நகரங்களில் ஆட்டம், எத்தனை பேர் உட்காரும் அரங்கம், எத்தனை விடுதி அறைகள், விமான நிலையம் எவ்வளவு தூரம், செலவு என்ன, வரவு என்ன என்று பல நூறு பக்கங்களுக்கு நீளும் ஆவணம் அது. அதைப் படித்து, நேரில் போய்ச் சரிபார்த்து, மதிப்பெண் போட்டு அறிக்கை தருவதே மதிப்பீடு. பல்லாயிரம் கோடி ரூபாய் பொதுப்பணம் எங்கே போய்ச் சேரும் என்பதை அந்த அறிக்கை பெருமளவில் தீர்மானிக்கிறது. அல்லது, தீர்மானிக்க வேண்டும்.

பழைய முறை பட்ட அடி

2010 டிசம்பர் 2-ஆம் தேதி சூரிச் நகரில் ஃபிஃபாவின் செயற்குழு கூடியது. 24 பேர் கொண்ட அந்தக் குழுவில் இருவர் ஏற்கெனவே இடைநீக்கம் செய்யப்பட்டிருந்ததால் 22 பேர் வாக்களித்தனர். 2018 போட்டி ரஷ்யாவுக்கும் 2022 போட்டி கத்தாருக்கும் போயின. கடைசிச் சுற்றில் கத்தார் 14, அமெரிக்கா 8.

அதற்கு முன்பே சிலி நாட்டைச் சேர்ந்த ஹெரால்ட் மைனி-நிக்கோல்ஸ் தலைமையிலான ஆய்வுக்குழு, விண்ணப்பித்த எல்லா நாடுகளுக்கும் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்திருந்தது. ஜூன், ஜூலை மாதங்களில் கத்தாரின் வெயில் வீரர்களுக்கும் ரசிகர்களுக்கும் ஆபத்தாகலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. போட்டியை நடத்துவதில் கத்தாருக்கு அதிக இடர் உண்டு என்றும் குறித்திருந்தது. வாக்களித்தவர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பொருட்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் அன்று இல்லை. பின்னாளில் அதே வெயிலைக் காரணம் காட்டித்தான் 2022 போட்டி நவம்பர், டிசம்பருக்கு மாற்றப்பட்டது.

அந்த வாக்கெடுப்பைச் சுற்றி எழுந்த ஊழல் புகார்களும், 2015 மே மாதம் சூரிச்சில் ஃபிஃபா நிர்வாகிகள் கைதானதும் அமைப்பையே உலுக்கின. இதற்கிடையே, போட்டி எங்கே என்று முடிவு செய்யும் அதிகாரம் செயற்குழுவிடமிருந்து, எல்லா உறுப்பு நாடுகளும் உட்காரும் பேரவைக்கு மாறியது. 2026-க்கான தேர்வில்தான் இந்தப் புதிய முறை முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. இம்முறை மதிப்பீட்டுக் குழுவுக்குப் பல்லும் கொடுத்தார்கள்: குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காத விண்ணப்பத்தை, பேரவையின் வாக்குக்குப் போகாமலே குழு தள்ளிவிடலாம்.

மதிப்பெண் முறை

மதிப்பீட்டுக் குழுவில் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் இந்தியர்: பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி முகுல் முத்கல். ஐபிஎல் சூதாட்டப் புகாரை விசாரித்த குழுவின் தலைவராகத் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான பெயர். முன்னாள் குரோஷிய வீரர் சுவோனிமிர் போபனும் குழுவில் இருந்தார்.

மொத்தம் ஒன்பது தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். ஆனால் எல்லாத் தலைப்பும் ஒரே எடை கொண்டவை அல்ல. உள்கட்டமைப்புக்கு 70 சதவீதம், வருமானமும் செலவும் சேர்ந்த வணிகப் பகுதிக்கு 30 சதவீதம். உள்கட்டமைப்பில் அரங்கங்களுக்கு மட்டும் 35; போக்குவரத்துக்கு 13; தகவல் தொழில்நுட்பத்துக்கும் ஒளிபரப்பு மையத்துக்கும் 7; தங்கும் வசதிக்கு 6; அணிகள், நடுவர்களுக்கான பயிற்சி வசதிகளுக்கு 6; ரசிகர்கள் கூடும் திடல்களுக்கு 3. வணிகப் பகுதியில் போட்டியை நடத்தும் செலவு, ஒளிபரப்பு மற்றும் விளம்பர வருமானம், டிக்கெட் வருமானம் ஆகிய மூன்றுக்கும் தலா 10. எடையோடு பெருக்கிக் கூட்டினால் முழு மதிப்பெண் 500.

இவை போக, சட்டம், பாதுகாப்பு, மனித உரிமை, சுற்றுச்சூழல் போன்ற பகுதிகளுக்கு எண் கிடையாது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று இடரின் அளவு மட்டும் குறிக்கப்படும்.

களத்தில் இருவர்

2026-க்குப் போட்டியிட்டவை இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்தது. மற்றொன்று மொராக்கோ. 1994, 1998, 2006, 2010 என நான்கு முறை கேட்டுக் கிடைக்காமல் ஐந்தாம் முறையாக வந்திருந்தது அந்த நாடு. 32 அணிகள் 48 ஆவதால், அன்றைய திட்டப்படி 80 ஆட்டங்கள். எந்த நாட்டுக்கும் சுமை கூடியிருந்த நேரம் அது.

தொடக்கப் போட்டிக்கும் இறுதிப் போட்டிக்கும் 80,000 இருக்கைகள், அரையிறுதிக்கு 60,000, மற்ற ஆட்டங்களுக்கு 40,000 என்பது ஃபிஃபாவின் பொது அளவுகோல். வட அமெரிக்க விண்ணப்பம் 23 அரங்கங்களைக் காட்டியது. எல்லாமே ஏற்கெனவே கட்டிப் பயன்பாட்டில் இருப்பவை. பெரும்பாலானவை அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளின் சொந்த வீடுகள். மொராக்கோ காட்டியவை 14. அவற்றில் ஒன்பதைப் புதிதாகக் கட்ட வேண்டும், ஐந்தைப் புதுப்பிக்க வேண்டும். உள்கட்டமைப்பு முழுவதற்கும் ஏறத்தாழ 1,600 கோடி டாலர் ஆகும் என்று மொராக்கோவே கணக்கிட்டிருந்தது.

கட்டவிருப்பவற்றில் பலவற்றை, போட்டி முடிந்ததும் இருக்கைகளைக் கழற்றிச் சிறிதாக்கிக்கொள்ளும் வகையில் மொராக்கோ வடிவமைத்திருந்தது. பிரேசில் 2014-இல் கற்ற பாடம் அதற்குப் பின்னால் உண்டு. அமேசான் காட்டு நகரமான மனாவுஸில் 40,000-க்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கம் கட்டி, உலகக் கோப்பையில் அங்கே நடந்தவை நான்கே ஆட்டங்கள். அந்த ஊரில் நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடும் அணி ஒன்றுகூட இல்லாததால், அதன் பராமரிப்பு தீராத செலவாகவே நின்றது.

ஆனாலும் மதிப்பீடு இருப்பதைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடும். அரங்கத் தலைப்பில் வட அமெரிக்காவுக்கு 4.1, மொராக்கோவுக்கு 2.3. இடைவெளி 1.8 புள்ளிதான் என்றாலும், 35 என்ற எடையோடு பெருக்கினால் 63 ஆகிறது. இறுதிக் கணக்கில் வட அமெரிக்கா 500-க்கு 402.8, மொராக்கோ 274.9, வித்தியாசம் 127.9. அதில் ஏறக்குறைய பாதி, அரங்கம் என்ற ஒரே தலைப்பில் விழுந்தது. கட்டி முடித்த நாட்டுக்கும் கட்டப்போகும் நாட்டுக்கும் இடையிலான பந்தயம், அந்த 35 சதவீதத்தை எழுதிய நாளிலேயே பாதி முடிந்துவிட்டது.

அரங்கம், தங்கும் வசதி, போக்குவரத்து மூன்றிலும் மொராக்கோவுக்கு அதிக இடர் என்று குறித்தது குழு. ஆயினும் குறைந்தபட்ச அளவைத் தாண்டியதால் விண்ணப்பம் தள்ளப்படவில்லை. மதிப்பெண் முறையின் விவரங்கள் மிகத் தாமதமாகவே கைக்கு வந்தன என்று மொராக்கோ கால்பந்துச் சங்கம் ஃபிஃபாவுக்குக் கடிதம் எழுதியது. விதிகளில் மாற்றம் வரவில்லை.

வரவு செலவு

402.8, 274.9 என்ற எண்களைவிட உறுப்பு நாடுகளின் கண்ணில் பட்டது வேறு எண். வட அமெரிக்காவில் நடந்தால் 1,430 கோடி டாலர் வருமானம், மொராக்கோவில் நடந்தால் 720 கோடி டாலர் என்பது மதிப்பீடு. டிக்கெட் விற்பனை மட்டும் அங்கே 210 கோடி, இங்கே 78.5 கோடி. மூன்று பெரிய நாடுகளில் பரவி நடத்துவதால் செலவுத் தலைப்பில் வட அமெரிக்கா பலவீனமாகவே இருந்தது. வருமானம் அதை மூடிவிட்டது. ஃபிஃபாவின் வருமானத்தில் ஒரு பங்கு உறுப்பு நாடுகளின் கால்பந்துச் சங்கங்களுக்கே பிரித்துத் தரப்படுகிறது. ஆக, வாக்களிப்பவர்களே பங்குதாரர்கள். இந்த மதிப்பீட்டை எத்தனை நேர்மையாகச் செய்தாலும் இந்தச் சிக்கல் கூடவே இருக்கும்.

அரசு தரும் உறுதிமொழிகள்

விண்ணப்பத்தோடு அரசும் எழுதிக் கையெழுத்திட வேண்டிய பத்திரங்கள் உண்டு. விசா, வேலை அனுமதி, வரிவிலக்கு, அந்நியச் செலாவணி, பாதுகாப்பு, விளம்பர உரிமைகளைக் காத்தல் ஆகியவை அவற்றில் அடங்கும். நகரங்களும் தனியே ஒப்பந்தம் போட வேண்டும். 2018 மார்ச்சில், விண்ணப்பம் போய்ச் சேரவிருந்த நேரத்தில், சிகாகோவும் மினியாபொலிஸும் வான்கூவரும் விலகிக்கொண்டன. ஒப்பந்தத்தின் சுமை முழுதும் வரி கட்டுபவர்கள் தலையில் விழும், அதன் எல்லையும் தெரியவில்லை என்பது அவற்றின் வாதம். வான்கூவர் மட்டும் 2022-இல் திரும்பி வந்தது. பணக்கார நகரங்களே தயங்கும் ஒப்பந்தம் என்பது மதிப்பெண் பட்டியலில் எங்கும் தென்படாது.

எண் இல்லாத பகுதி

2017-இல் ஃபிஃபா மனித உரிமைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கத்தாரின் கட்டுமானத் தளங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பட்ட பாடு அதற்கு முக்கியக் காரணம். 2026 மதிப்பீட்டில் மனித உரிமை முதன்முறையாகத் தனித் தலைப்பானது. தன்பாலின உறவைக் குற்றமாக்கும் மொராக்கோவின் சட்டத்தை அறிக்கை சுட்டிக்காட்டியது. அமெரிக்காவையும் விடவில்லை. சில நாட்டவர் நுழைவதற்கு அமெரிக்காவில் அப்போது பரிசீலனையில் இருந்த புதிய கட்டுப்பாடுகளால், பாகுபாடில்லாமல் எல்லாரும் வந்து போக முடியுமா என்பதில் பெரிய இடர் இருப்பதாக எழுதியது.

ஏழாண்டுகள் கழித்து அந்த வரி உண்மையானது. 2025 ஜூனில் அமெரிக்கா 12 நாட்டவருக்கு நுழைவுத் தடை விதித்தது. பட்டியலில் இருந்த ஈரானும் ஹைட்டியும் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அணிகள். வீரர்களுக்கும் அணி நிர்வாகிகளுக்கும் விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. மதிப்பீட்டுக் குழு இடரைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தது. அதற்கு மதிப்பெண் இல்லாததால் 402.8 என்ற எண்ணில் ஒரு தசமமும் குறையவில்லை.

வாக்கும் அதன் பிறகும்

2018 ஜூன் 13-ஆம் தேதி மாஸ்கோவில் கூடிய பேரவையில் 134 நாடுகள் வட அமெரிக்காவுக்கும் 65 நாடுகள் மொராக்கோவுக்கும் வாக்களித்தன. ஒரு வாக்கு, இரண்டும் வேண்டாம் என்று விழுந்தது. அரசியல் அழுத்தங்கள் இருந்தன என்றாலும், மதிப்பெண் காட்டிய திசையிலேயே முடிவும் அமைந்தது. 2010-உடன் ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான்.

விண்ணப்பத்தில் எழுதியதற்கும் நடப்புக்கும் உள்ள தூரம் வேறு கதை. 80 ஆட்டங்கள் 2023-இல் 104 ஆயின. 23 அரங்கப் பட்டியல் 16 நகரங்களாகச் சுருங்கியது. குறைந்த விலை டிக்கெட் 21 டாலர் என்று விண்ணப்பம் சொன்னது. 2025-இல் விற்பனை தொடங்கியபோது ஆரம்ப விலை 60 டாலர். விண்ணப்பத்தில் சொன்னதைப் பிறகு செய்தார்களா என்று திரும்பிப் பார்த்து மதிப்பெண் போடும் ஏற்பாடு எதுவும் இல்லை.

ஒற்றை விண்ணப்பம்

2030 போட்டியை மொராக்கோ, ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றும் சேர்ந்து கேட்டன. ஆறாவது முயற்சியில் மொராக்கோவுக்குக் கதவு திறந்தது. மதிப்பெண் ஐந்துக்கு 4.2. எதிரில் வேறு விண்ணப்பம் இல்லை. 2034-க்கு ஆசியாவும் ஓசியானியாவும் மட்டுமே கேட்கலாம் என்று 2023 அக்டோபரில் அறிவித்த ஃபிஃபா, விருப்பம் தெரிவிக்கக் கொடுத்த அவகாசம் ஒரு மாதத்துக்கும் குறைவு. ஆஸ்திரேலியா ஒதுங்கிக்கொள்ள, சவூதி அரேபியா மட்டும் நின்றது. ஏற்கெனவே இருக்க வேண்டிய அரங்கங்களின் எண்ணிக்கை 2030-க்கு ஏழு. 2034-க்கு நான்காகக் குறைக்கப்பட்டிருந்தது.

2024 நவம்பரில் வந்த அறிக்கை சவூதிக்கு 500-க்கு 419.8 கொடுத்தது. இன்னும் அடிக்கல்கூட நடாத அரங்கங்கள் கணிசமாக இருந்த விண்ணப்பம், கட்டி முடித்த 23 அரங்கங்களைக் காட்டிய வட அமெரிக்காவைவிட அதிகம் வாங்கியது. சவூதி காட்டிய அரங்கங்களில் ஒன்று நியோம் நகரில் தரையிலிருந்து 350 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டியது. அந்த நகரமே அன்று உருவாகிவந்த திட்டம்தான். மனித உரிமை இடர் நடுத்தரம் என்று குறிக்கப்பட்டது. மனித உரிமை அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. டிசம்பர் 11-ஆம் தேதி இணையவழியில் கூடிய பேரவை கைதட்டி முடிவெடுத்தது. தேர்வு நடந்த விதத்தை நார்வே கால்பந்துச் சங்கம் வெளிப்படையாகக் குறை கூறியது.

இந்த அனுபவங்களிலிருந்து மூன்று திருத்தங்கள் தெளிவாகின்றன. மனித உரிமைக்கும் போட்டிக்குப் பிந்தைய பயன்பாட்டுக்கும் இடர்க் குறிப்போடு நிறுத்தாமல் மதிப்பெண்ணும் எடையும் தர வேண்டும். மதிப்பிடுபவர்கள் ஃபிஃபாவின் சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் வாக்குறுதிகளைப் போட்டி முடிந்த பின் தணிக்கை செய்து வெளியிட வேண்டும். இவற்றோடு, குறைந்தது இரண்டு விண்ணப்பங்களாவது களத்தில் இருக்கும்படி கால அவகாசமும் விதிகளும் அமைய வேண்டும். ஒருவர் மட்டுமே எழுதும் தேர்வில் முதல் மதிப்பெண்ணுக்குப் பொருள் கிடையாது.