பட்டிப்பூவின் நஞ்சும் மருந்தும்

நீரூற்றுவாரின்றியும் நம் முற்றங்களிற் பூத்து நிற்பது பட்டிப்பூச் செடி. நித்தியகல்யாணி எனவும் கூறுவர். மடகஸ்காரைத் தாயகமாகக் கொண்ட இச்செடியில் அற்கலோயிட்டுக்கள் எனப்படும் நைதரசன் கொண்ட சேர்வைகள் பல உள. அவற்றுள் இரண்டு, நஞ்சு எங்ஙனம் மருந்தாகின்றது என்பதை நன்கு விளக்குவன.

ஜமெய்க்காத் தீவில் நீரிழிவுக்கு இவ்விலைக் கஷாயத்தை அருந்தும் வழக்கம் இருந்தது. அதனை ஆராயப் புகுந்த கனடிய அறிஞர் றொபேட் நோபிள், சாறு ஏற்றிய எலிகளின் குருதியில் வெல்லம் குறையாமையையும், வெண்குருதிக் கலங்கள் அருகியமையையும் கண்டார். அக்கேட்டினை விளைத்த பொருளை அவரும் சாள்ஸ் பியரும் பிரித்தெடுத்து 1958ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்ரீன். பெருகுங் கலங்களை ஒடுக்கும் பொருள் புற்றுநோய்க்கு மருந்தாகலாம் அன்றோ?

கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபாலும் ஈர்க்கும் நுண்குழாய்கள் தியூபுலின் என்னும் புரதத்தாலானவை. வின்பிளாஸ்ரீன் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளக் குழாய்கள் செவ்வனே அமையா. பிரிவு நடுவில் நின்றுவிடக் கலம் மடிகின்றது.

இனி, இம்மூலக்கூற்றில் ஒரு நைதரசன் அணுவோடு இணைந்த மெதயிற் கூட்டத்தை ஒட்சியேற்றிப் போமயிற் கூட்டமாக்கினால் வின்கிறிஸ்ரீன் கிடைக்கின்றது. செடியிலும் இது மிகச் சிறிதளவு உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட அணுக்களுள் ஐதரசன் இரண்டு நீங்கி, ஒட்சிசன் ஒன்று சேர்ந்தது; மாற்றம் அவ்வளவே. பற்றும் புரதமும் ஒன்றே. ஆயினும் முன்னையதன் அளவை எல்லைப்படுத்துவது என்பு மச்சைக்கு நேருங் கேடு. பின்னையதற்கோ நரம்புக்கு நேருங் கேடு. நரம்புக்கலம் பிரிவதில்லையெனினும், அதன் நீண்ட இழையினூடு பொருள்கள் செல்லும் வழி அந்நுண்குழாய்களேயாம்.

பின்னர்ப் பிரான்சில் பியர் பொத்தியே குழுவினர் இச்செடியின் வேறிரு அற்கலோயிட்டுக்களை இணைத்து, ஒரு வளையத்திற் காபன் அணு ஒன்றைக் குறைத்து, வினொரெல்பீனை ஆக்கினர். இது நரம்பை வருத்துவது வின்கிறிஸ்ரீனினும் குறைவு; மச்சையை வருத்தும் இயல்போ நீங்கவில்லை.

இவ்வாறு மூலக்கூற்றின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கலங்களிற் சோதிப்பதனால், எம்மாற்றம் எக்கலத்தைத் தாக்குகின்றது என்பது புலனாகின்றது. நன்மையைத் தீமையினின்று முற்றாகப் பிரித்தார் இதுவரை எவருமிலர். சிறுவர்க்கு வரும் வெண்குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படும் வின்கிறிஸ்ரீன், மில்லிகிராம் கணக்கில் அளந்து நாளத்தினுள் மாத்திரமே செலுத்தப்படுகின்றது. முள்ளந்தண்டினுட் புகின் உயிரைப் போக்கும். முற்றத்து இலையை அவித்துக் குடிப்பவருக்கோ அவ்வளவை அறிய வழியில்லை. ஆதலின், செடியின் பெருமையை அறிந்தோர் அதன் நஞ்சினையும் அறிந்து விலகியிருத்தல் வேண்டும்.